மானியம் யாருக்கு, மலிவு யாருக்கு?

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகளைப் பொருத்தியோரிடமிருந்து வாங்கப்படும் மின்சாரத்தின் விலை 2025ஆம் ஆண்டில் புதிய இணைப்புகளுக்குக் கணிசமாகக் குறைக்கப்பட்டபோது, நாட்டில் இருவிதமான குரல்கள் எழுந்தன. வளர்ந்து வரும் ஒரு துறையின் கழுத்தை அரசாங்கம் நெரிக்கின்றது என்றனர் ஒரு சாரார். மின்தகடுகள் இத்தனை மலிந்துவிட்ட பின்னரும் பழைய விலையைக் கொடுப்பது ஏழைப் பாவனையாளரின் சட்டைப்பையிலிருந்து எடுத்து வசதி படைத்தோருக்கு வழங்குவதாகும் என்றனர் மறுசாரார். இரு தரப்பு வாதத்திலும் ஓரளவு நியாயம் இருந்தது. ஆயினும், மானியம் என்பது எதற்காக வழங்கப்படுகின்றது, அதனால் விலை எவ்வாறு குறைந்தது, அந்தக் குறைவின் பயன் யாரைச் சென்றடைய வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் அன்றைய வாதப் பிரதிவாதங்களில் போதியளவு பேசப்படவில்லை என்றே கூறவேண்டும். அவற்றை எமது வாசகர்களுக்கு விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் விலை குறைந்த அளவை நோக்குவோம். சர்வதேச மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி முகவரகத்தின் கணிப்பின்படி, பெரிய சூரிய மின்நிலையங்களில் ஓர் அலகு மின்சாரத்தை உற்பத்தி செய்வதற்கான உலக சராசரிச் செலவு 2010ஆம் ஆண்டில் ஏறத்தாழ 46 அமெரிக்க சதமாக இருந்தது. 2023இல் அது 4.4 சதமாகியது. அதாவது பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியுள்ளது. தரையில் அமைக்கப்படும் காற்றாலைகளின் செலவும் அதே காலப்பகுதியில் 11 சதத்திலிருந்து 3.3 சதமாக வீழ்ந்தது. மின்சாரத்தைச் சேமிக்கும் லித்தியம் பற்றரிகளின் விலை 2010இல் ஒரு கிலோவாட் மணித்தியாலக் கொள்ளளவுக்கு ஆயிரம் டொலருக்கும் அதிகமாக இருந்து, 2024இல் 115 டொலராகியது. உணவுப் பொருட்கள் முதல் மருந்துகள் வரை எல்லாமே ஏறுமுகமாக இருந்த ஒரு காலத்தில் இவ்வாறான வீழ்ச்சி அபூர்வமானதாகும்.

இந்த வீழ்ச்சி தானாக நிகழ்ந்ததன்று. இன்றைய சூரிய மின்கலத்தின் முன்னோடி 1954ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. அதன் மீது விழுந்த ஒளியில் நூற்றுக்கு ஆறு வீதத்தையே அது மின்சாரமாக மாற்றியது. 1958இல் விண்ணுக்கு ஏவப்பட்ட வான்கார்ட் செய்மதியில் அது பயன்படுத்தப்பட்டது. விண்வெளியில் பணம் பொருட்டல்ல. பூமியிலோ நிலைமை வேறு. எழுபதுகளின் நடுப்பகுதியில் ஒரு வாட் திறனுள்ள மின்தகட்டின் விலை, இன்றைய பணப் பெறுமதியில் நூறு டொலரளவில் இருந்தது. அந்த விலையில் அதை வாங்க எவரும் முன்வரார். வாங்குவார் இல்லாவிடின் தொழிற்சாலை எழாது. தொழிற்சாலை எழாவிடின் விலை குறையாது. இந்த முடிச்சை அவிழ்ப்பதற்கே அரசாங்கங்கள் மானியத்தைக் கருவியாகக் கொண்டன.

1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையும் அதைத் தொடர்ந்த விலையேற்றமும் மேற்குலகை உலுக்கின. ஜப்பான் 1974இலேயே சூரிய சக்தி ஆய்வுத் திட்டமொன்றைத் தொடங்கியது. அமெரிக்கா 1978இல் இயற்றிய சட்டமொன்று, சிறிய உற்பத்தியாளர்களிடமிருந்து மின்சாரத்தை வாங்க வேண்டும் என்று பெரிய மின்சாரக் கம்பனிகளைக் கட்டாயப்படுத்தியது. கலிபோர்னியா மாநிலம் அதற்கு மேல் வரிச்சலுகையும் வழங்கியது. எண்பதுகளின் முற்பகுதியில் அங்கே காற்றாலைகள் காளான்களைப் போல் முளைத்தன. ஆனால் எண்பதுகளின் நடுப்பகுதியில் வரிச்சலுகைகள் முடிவுக்கு வந்ததும் அந்தத் தொழில் சரிந்தது. கலிபோர்னியாவுக்குக் காற்றாலைகளை விற்றுவந்த டென்மார்க்கின் வெஸ்டாஸ் கம்பனி 1986இல் பெரும் நெருக்கடிக்குள் வீழ்ந்தது. திடீரெனக் கொடுத்துத் திடீரென நிறுத்தப்படும் மானியம், கொடுக்காமல் விடுவதைக் காட்டிலும் கேடு விளைவிக்கும் என்பதற்கு இது முதற் சான்றாக அமைந்தது.

டென்மார்க் வேறு வழியைத் தேர்ந்தது. 1979இல் காற்றாலையின் மூலதனச் செலவில் நூற்றுக்கு முப்பது வீதத்தை அரசாங்கம் வழங்கத் தொடங்கியது. பின்னர் அந்த வீதத்தைப் படிப்படியாகக் குறைத்து, பத்தாண்டுகளில் முற்றாக நிறுத்தியது. கிராமத்து விவசாயிகளும் அயலவரும் கூட்டுறவுகளாக ஒன்றுசேர்ந்து காற்றாலைகளுக்குச் சொந்தக்காரராயினர். கொப்பன்ஹேகன் துறைமுகத்துக்கு அப்பால் 2000ஆம் ஆண்டில் கடலில் நிறுவப்பட்ட இருபது காற்றாலைகளில் பாதி, எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்களைக் கொண்ட ஒரு கூட்டுறவுக்கு உரித்தானது. இந்தக் கூட்டுறவு அனுபவத்துக்கு நாம் பின்னர் திரும்புவோம்.

சூரிய மின்சாரத்தின் விலை வீழ்ச்சிக்கு மிகப் பெரிய உந்துதலைக் கொடுத்த நாடு ஜேர்மனியாகும். வெயிலுக்குப் பெயர்போன நாடல்ல அது. எனினும், ஹேர்மன் ஷீர், ஹான்ஸ் ஜோசப் ஃபெல் ஆகிய இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் முன்னின்று உருவாக்கிய சட்டமொன்று 2000ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாம் திகதி அங்கு நடைமுறைக்கு வந்தது. கூரையில் மின்தகடு பொருத்தும் எவருக்கும், அவர் உற்பத்தி செய்யும் ஒவ்வோர் அலகுக்கும் இருபது ஆண்டுகளுக்கு நிலையான விலை கிடைக்கும் என்று அச்சட்டம் உறுதியளித்தது. சூரிய மின்சாரத்துக்கு அன்று நிர்ணயிக்கப்பட்ட விலை 99 பெனிக், அதாவது ஏறக்குறைய அரை யூரோ. ஒரு சாதாரண வீட்டுப் பாவனையாளர் அக்காலத்தில் செலுத்திய விலையின் மூன்று மடங்குக்கும் அதிகமான தொகை அது.

இச்சட்டத்தின் நுட்பம் அதன் தாராளத்தில் மட்டும் தங்கியிருக்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக இணைவோருக்கான விலை முந்திய ஆண்டினதைக் காட்டிலும் ஐந்து வீதம் குறைவாக இருக்கும் என்பதும் அதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. இவ்வாண்டு இணைந்தவருக்கு இருபது ஆண்டுகளுக்கு மாறாத விலை. அடுத்த ஆண்டு இணைபவருக்குச் சற்றுக் குறைந்த விலை. இதனால் முதலீடு செய்தவருக்கு நம்பிக்கை கிடைத்தது. உற்பத்தியாளருக்கோ செலவைக் குறைக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்பட்டது.

இந்தப் பணம் ஜேர்மனியின் திறைசேரியிலிருந்து வந்ததல்ல. ஒவ்வொரு பாவனையாளரின் மின்பட்டியலிலும் சேர்க்கப்பட்ட மேலதிகக் கட்டணமே அதற்கான ஊற்றாகும். 2003இல் அலகொன்றுக்கு அரைச் சதத்திற்கும் குறைவாக இருந்த அக்கட்டணம், 2017இல் 6.88 யூரோ சதமாக உயர்ந்தது. ஆண்டுக்கு 3,500 அலகுகளைப் பாவிக்கும் குடும்பமொன்று, வரி நீங்கலாக 240 யூரோவை இதற்கெனச் செலுத்த வேண்டியிருந்தது. மின்சாரத்தைப் பெருமளவில் பாவிக்கும் ஆலைகளுக்கோ இக்கட்டணத்திலிருந்து பெரும் விலக்கு அளிக்கப்பட்டது. வாடகை வீட்டில் வசிப்பவருக்குக் கூரை இல்லை. ஆனால் கட்டணம் உண்டு. சொந்த வீடும் வங்கியில் நன்மதிப்பும் உடையவருக்கு இருபது ஆண்டு வருமானம். இந்த அநீதி அங்கு நீண்டகாலம் விவாதிக்கப்பட்டு, 2022 ஜூலையில் அக்கட்டணம் நீக்கப்பட்டது. அதன் பின்னர் அரசாங்க வரவு செலவுத் திட்டத்திலிருந்தே செலவு ஈடுசெய்யப்பட்டது.

ஸ்பெயின் ஜேர்மனியைப் பின்பற்றியது. ஆனால் கட்டுப்பாடின்றிப் பின்பற்றியது. 2007இல் அந்நாடு அறிவித்த தாராள விலையின் கீழ் 400 மெகாவாட் அளவிலான மின்தகடுகளே எதிர்பார்க்கப்பட்டன. 2008ஆம் ஆண்டில் மாத்திரம் 2,500 மெகாவாட்டுக்கு மேல் பொருத்தப்பட்டன. மின்சாரத்துறையில் ஏற்கெனவே இருந்த கடன், ஒரு கட்டத்தில் 25 பில்லியன் யூரோவைத் தாண்டியது. இறுதியில், ஏற்கெனவே உறுதியளித்த விலையையே அந்நாட்டு அரசாங்கம் வெட்டியது. அரசை நம்பிக் கடன்பட்ட சாதாரண குடும்பங்கள் நட்டமடைந்தன. வெளிநாட்டு முதலீட்டாளர்கள் சர்வதேச நடுவர் மன்றங்களில் வழக்குத் தொடுத்தனர்.

ஐரோப்பாவில் பிறந்த இந்தக் கேள்வியை நிறைவேற்ற எழுந்த நாடு சீனாவாகும். குறைந்த வட்டிக் கடன், நிலம், உள்ளூராட்சி நிர்வாகங்களின் ஆதரவு என்பன அங்கே தொழிற்சாலைகளை வளர்த்தன. இன்று உலகின் சூரிய மின்தகடு உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கும் அதிகம் சீனாவிலேயே நிகழ்கின்றது. இதன் மறுபக்கத்தையும் மறைப்பதற்கில்லை. ஒரு காலத்தில் உலகின் முன்னணி உற்பத்தியாளராக விளங்கிய ஜேர்மனியின் கியூ-செல்ஸ் கம்பனி 2012இல் வங்குரோத்தடைந்தது. 535 மில்லியன் டொலர் கடனுக்கு அமெரிக்க அரசாங்கத்தின் உத்தரவாதத்தைப் பெற்றிருந்த சொலின்ட்ரா அதற்கு முந்திய ஆண்டே மூடப்பட்டது. சீனாவின் சன்டெக் நிறுவனமும் 2013இல் வீழ்ந்தது. மானியம் விலையைக் குறைத்தது. ஆனால் மானியம் பெற்ற எல்லோரையும் அது காப்பாற்றவில்லை.

சூரிய மின்தகடுகளின் மொத்த உற்பத்தி இரட்டிப்பாகும் ஒவ்வொரு தடவையும் அவற்றின் விலை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்துள்ளமையை ஆய்வாளர்கள் அவதானித்துள்ளனர். நிலக்கரி மின்நிலையத்தில் செலவின் பெரும்பகுதி எரிபொருளுக்கே செல்கின்றது. எத்தனை நிலையங்களைக் கட்டினாலும் நிலக்கரியின் விலை அதனால் குறைவதில்லை. சூரிய மின்சாரத்துக்கு எரிபொருள் இல்லை. மின்தகடு ஒரு கைத்தொழில் உற்பத்திப் பொருள். ஒரே பொருளைக் கோடிக்கணக்கில் செய்யும்போது மூலப்பொருளில் சிக்கனமும் இயந்திரத்தில் வேகமும் தொழிலாளரிடத்தில் தேர்ச்சியும் கூடுகின்றன. 2000ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய ஆயிரம் மெகாவாட்டாக இருந்த சூரிய மின்திறன், 2022இல் பத்து இலட்சம் மெகாவாட்டைக் கடந்தது. இடையில் நேர்ந்த இரட்டிப்புகளின் எண்ணிக்கை பத்து. ஜேர்மனியின் சாதாரண குடும்பங்கள் தமது மின்பட்டியலில் செலுத்திய தொகை, உலகம் முழுவதற்குமான பயிற்சிக் கட்டணமாக அமைந்தது எனலாம்.

அப்பயிற்சியின் பயனை அயல்நாடான இந்தியா நன்கு அறுவடை செய்தது. 2010இல் அந்நாட்டின் தேசிய சூரிய சக்தித் திட்டத்தின் முதலாவது ஏலத்தில் அலகொன்றின் விலை சராசரியாக ஏறத்தாழ 12 இந்திய ரூபாவாக இருந்தது. 2017 மே மாதத்தில் ராஜஸ்தானின் பட்லாவில் 2.44 ரூபாவுக்கும், 2020 டிசம்பரில் குஜராத்தில் 1.99 ரூபாவுக்கும் விலைமனுக்கள் கிடைத்தன. விலையை அதிகாரிகள் நிர்ணயிக்காமல் போட்டியின் மூலம் கண்டறிந்தமையே அதற்கான முக்கிய காரணங்களில் ஒன்று.

இவ்விடத்தில் ஒரு நியாயமான ஆட்சேபம் எழலாம். மானியத்தால் வளர்ந்த ஒரு பொருளை மலிவானது என்று கூறலாமா? கூறலாம், ஏனெனில், அதன் போட்டியாளரும் மானியத்திலேயே வாழ்ந்து வந்துள்ளார். எரிபொருளை மலிவாக வழங்குவதற்கென உலக நாடுகள் வழங்கிய மானியம் 2022இல் ஒரு இலட்சம் கோடி டொலரைத் தாண்டியதாக சர்வதேச சக்தி முகவரகம் மதிப்பிட்டது. எமது நாட்டிலும் மண்ணெண்ணெய் இதற்கு உதாரணமாகும். லீற்றர் 87 ரூபாவுக்கு விற்கப்பட்ட மண்ணெண்ணெய் 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் 340 ரூபாவாகியபோது, குருநகர் முதல் கிண்ணியா வரை கடற்றொழிலாளர்களின் படகுகள் கரையில் முடங்கின. நீண்டகாலமாக வழங்கப்பட்ட மானியம் மாற்றுவழி எதுவுமின்றி அகற்றப்பட்டால் அதன் சுமை யார் தலையில் விழும் என்பதை அன்று நாம் கண்டோம்.

கணக்குப் புத்தகத்தில் பதியப்படாத மானியமும் உண்டு. சுன்னாகத்தில் டீசல் மின்நிலையத்தை அண்டிய பகுதிகளில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்தமை தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்டோருக்கு 20 மில்லியன் ரூபா இழப்பீடு வழங்குமாறு உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் நீண்டகாலமாக நிலத்தடி நீரையே பெரிதும் நம்பி வாழ்ந்து வந்துள்ளனர். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசும் சாம்பலும் தமது வயல்களிலும் வீடுகளிலும் படிவதாகக் கற்பிட்டிக் குடாநாட்டு மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டு வந்துள்ளனர். இந்த மக்கள் தமது நீரையும் சுவாசத்தையும் கொடுத்து மின்சாரத்தின் விலையைக் குறைத்துக் காட்டினர். இதையும் சேர்த்துக் கணக்கிட்டால் எது மலிவு, எது உயர்வு என்ற கேள்விக்கு விடை வேறாகும்.

இனி இலங்கையின் நிலைமைக்கு வருவோம். இங்கு சிறு நீர்மின் உற்பத்தியாளர்களிடமிருந்து பொது ஒப்பந்தத்தின் கீழ் மின்சாரம் வாங்கும் முறை 1996இலேயே ஆரம்பமாகியது. 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை நிறுவப்பட்டது. கூரையில் உற்பத்தியாகும் மின்சாரத்தைக் கட்டமைப்புக்கு வழங்கி, பாவித்த அலகுகளிலிருந்து கழித்துக்கொள்ளும் முறை 2010இல் அறிமுகமானது. 2016 செப்டெம்பரில் தொடங்கப்பட்ட 'சூரிய பல சங்கிராமய' திட்டத்தின் கீழ், மேலதிக மின்சாரத்துக்கு முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும் அடுத்து வரும் ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் பணமாகவே வழங்கப்பட்டன.

இதன் நன்மையை யார் பெற்றனர் என்பதை அன்றைய கட்டணப் பட்டியலே காட்டும். மாதம் முப்பது அலகுக்குள் பாவித்தவர் அலகொன்றுக்கு 2.50 ரூபா செலுத்தினார். 180 அலகுகளைத் தாண்டியவரோ, அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகுக்கும் 45 ரூபா செலுத்தினார். வசதியுள்ளோர் கூடுதலாகச் செலுத்துவதன் மூலமே வறியோரின் கட்டணம் தாங்கப்பட்டது. கூரையில் மின்தகடு பொருத்துவதற்கு இலட்சக்கணக்கில் முதல் தேவை. அது யாரிடம் இருந்ததோ அவர்களே 45 ரூபாவிலிருந்து தப்பினர். அவர்கள் விலகிய இடத்தில் விழுந்த துண்டை நிரப்ப வேறு எவரும் இருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 வீதமும் 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதமும் கட்டணம் உயர்த்தப்பட்டபோது, மிகக் குறைந்த பாவனையாளரே விகிதாசாரப்படி அதிக சுமையைச் சுமந்தனர். அந்த உயர்வுக்குப் பிரதான காரணம் எரிபொருள் விலையும் ரூபாவின் வீழ்ச்சியுமே என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஆயினும் சூரிய மின்சார மானியம் சமூகத்தின் மேல் தட்டிலேயே தங்கிவிட்டது என்ற உண்மையும் மறுக்க முடியாததாகும்.

விலைக் குறைப்புத் தொடர்பான விவாதத்தில் மற்றொரு குழப்பத்தையும் களைதல் அவசியம். 2016இல் வழங்கப்பட்ட 22 ரூபா, அன்றைய நாணயமாற்று வீதப்படி 15 அமெரிக்க சதமாகும். 2022இல் புதிய இணைப்புகளுக்கு 37 ரூபா வழங்கப்பட்டது. ரூபாவில் அது பெரும் உயர்வாகத் தோன்றினும், டொலர் 360 ரூபாவாக இருந்த அவ்வேளையில் அது 10 சதம் மட்டுமே. 2025இல் மிகச் சிறிய கூரைகளுக்கு நிர்ணயிக்கப்பட்ட 20.90 ரூபா ஏறக்குறைய 7 சதமாகும். மின்தகடுகள் டொலரிலேயே இறக்குமதியாகின்றன. ஆகவே உலகச் சந்தையின் விலை வீழ்ச்சியை ஒட்டியே இங்கும் கொள்விலை குறைந்துள்ளது. குறைத்தது தவறு என்று கூறுவதற்கில்லை. ஆண்டுக்கு ஐந்து வீதமென முன்கூட்டியே அறிவித்துக் குறைத்த ஜேர்மனிக்கும், ஏற்றியும் இறக்கியும் முதலீட்டாளரைத் தடுமாறவைத்த இலங்கைக்கும் இடையிலான வேறுபாடே இங்கு கவனிக்கத்தக்கது. வங்கியில் கடன்பட்டு நாளை மின்தகடு பொருத்த எண்ணியிருக்கும் ஓர் ஆசிரியருக்கோ சிறு வர்த்தகருக்கோ, விலை குறைவதைக் காட்டிலும் விலை தெரியாமையே பெரும் இடராகும்.

அடுத்த பிரச்சினை நேரம் சார்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறு நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. குரங்கொன்றின் மீது பழி சுமத்தப்பட்டது உலகெங்கும் நகைப்புக்கிடமாகியது. விடுமுறை நாளில் மின்பாவனை குறைந்திருக்க, கூரைகளிலிருந்து வந்த சூரிய மின்சாரம் நிறைந்திருக்க, அதிர்ச்சியைத் தாங்கும் வலு கட்டமைப்பில் குறைந்திருந்தமையே ஒரு சிறு கோளாறு பெரும் இருளாக மாறியமைக்குக் காரணம். அவ்வாண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையின்போது கூரை மின்தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்குமாறு பாவனையாளர்கள் கோரப்பட்டனர். நண்பகலில் மின்சாரம் மிஞ்சுகின்றது. மக்ரிப் தொழுகை முடிந்து, வீடுகளில் விளக்கேற்றி, பிள்ளைகள் படிக்க அமரும் நேரத்தில் டீசல் நிலையங்கள் இயங்குகின்றன. மலிவான மின்சாரம் வேண்டிய நேரத்தில் கிடைக்காவிடின் அது மலிவாகாது. எனவே மானியம் அவசியமாயின், அது இனி மின்தகடுகளுக்கன்றி, பற்றரிகளுக்கும் மின்கட்டமைப்பைப் பலப்படுத்துவதற்குமே செல்ல வேண்டும். மாலை உச்ச வேளையில் பற்றரியிலிருந்து வழங்கப்படும் மின்சாரத்துக்கு உயர்ந்த விலை கொடுக்க 2025இல் எடுக்கப்பட்ட முடிவு இத்திசையில் ஒரு நல்ல தொடக்கமாகும்.

பெரிய நிலையங்களைப் பொறுத்தவரை, போட்டியின் பயனை மன்னார் மாவட்டமே எடுத்துக்காட்டியுள்ளது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் 30 காற்றாலைகளைக் கொண்ட 103.5 மெகாவாட் 'தம்பபவனி' நிலையம் 2020 டிசம்பரில் அங்கு திறந்துவைக்கப்பட்டது. அதன் பின்னர் மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாட் காற்றாலைகளை அமைப்பதற்கு இந்தியாவின் அதானி குழுமத்துடன் விலைமனு கோரப்படாமலே பேசப்பட்ட திட்டத்தில், அலகொன்றின் விலை 8.26 அமெரிக்க சதமென 2024இல் ஏற்கப்பட்டது. அதே மன்னாரில் 50 மெகாவாட் நிலையத்துக்குப் போட்டி விலைமனு கோரப்பட்டபோது கிடைத்த விலை 4.65 சதம். இரண்டும் ஒரே அளவினதல்ல, நிபந்தனைகளும் வேறுபட்டவை. எனினும் இத்தனை பெரிய இடைவெளியை அளவு மட்டும் விளக்கிவிடாது. அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது.

ஆனால் விலை மலிந்தால் மட்டும் போதுமா? 2025 ஓகஸ்டில் காற்றாலை உதிரிப்பாகங்களை ஏற்றிவந்த வாகனங்களை மன்னார் மக்கள் வீதியில் மறித்தனர். பணிகளை ஒரு மாத காலத்துக்கு இடைநிறுத்துமாறு ஜனாதிபதி பணிப்புரை விடுத்தார். மழைநீர் வழிந்தோடும் பாதைகள் அடைபடுவதாகவும் மீன்பிடி பாதிக்கப்படுவதாகவும் அம்மக்கள் கூறினர். ஆண்டுதோறும் வலசை வரும் பறவைகளின் வழித்தடத்தில் மன்னார்த் தீவு அமைந்துள்ளமை யாவரும் அறிந்ததே. தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் அத்தீவில் வீசும் காற்று கொழும்பின் விளக்குகளை எரிக்கின்றது. அத்தீவின் மக்களோ தமது மின்பட்டியலில் எந்தக் குறைவையும் காண்பதில்லை. இவ்வாறிருக்க, அவர்களை அபிவிருத்திக்கு எதிரானவர்கள் என்று சாடுவது பொருந்தாது. டென்மார்க்கில் 2009 முதல் சுமார் பத்தாண்டுகள் நடைமுறையில் இருந்த சட்டமொன்று, புதிய காற்றாலைத் திட்டத்தின் பங்குகளில் குறைந்தது ஐந்தில் ஒன்றை நாலரைக் கிலோமீற்றர் சுற்றுவட்டத்தில் வசிப்போருக்கு வழங்க முன்வர வேண்டும் என்று விதித்தது. அயலவர் பங்காளராகும்போது காற்றாலையின் ஓசை வேறுவிதமாகக் கேட்கும். எழுத்தூர், பேசாலை, தாராபுரம் போன்ற ஊர்களின் கூட்டுறவுச் சங்கங்களுக்கு இத்தகைய பங்கை வழங்குவதற்கு எந்தத் தொழில்நுட்பத் தடையும் இல்லை.

சம்பூரும் இவ்வாறான ஒரு சோதனைக்களமே. 2006இல் போரினால் இடம்பெயர்ந்த அம்மக்களின் நிலத்தில் இந்தியாவுடன் சேர்ந்து நிலக்கரி மின்நிலையம் அமைக்கத் திட்டமிடப்பட்டு, 2016இல் அது கைவிடப்பட்டது. அங்கு 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கான பணிகள் 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் இலங்கை ஜனாதிபதியும் கலந்துகொண்ட நிகழ்வில் ஆரம்பித்துவைக்கப்பட்டன. புகையில்லா மின்சாரம் வரவேற்கத்தக்கது. ஆனால் பத்தாண்டு அகதி முகாம்களில் கழித்துத் திரும்பிய மக்களுக்கு, தமது ஊரின் வெயிலால் கிடைக்கும் வருமானத்தில் ஒரு துளியாவது உரித்தாக வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை.

வறியோரைச் சென்றடையும் வழிகள் இல்லாமல் இல்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய தீவுகளில் சூரிய ஒளி, காற்று, பற்றரி, டீசல் ஆகியவற்றை இணைத்த கலப்பு மின்திட்டத்துக்கு இந்தியாவின் நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடெங்கும் 5,000 வணக்கத்தலங்களின் கூரைகளில் மின்தகடுகளைப் பொருத்தும் திட்டமும் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்பட்டது. கோயிலின் கூரையும் பள்ளிவாசலின் கூரையும் விகாரையின் கூரையும் தேவாலயத்தின் கூரையும் பொதுக் கூரைகள். அவற்றிலும், பாடசாலைகளிலும், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கட்டடங்களிலும் உற்பத்தியாகும் மின்சாரத்தின் ஒரு பகுதியை, மாதம் அறுபது அலகுக்குக் குறைவாகப் பாவிக்கும் அயற் குடும்பங்களின் கணக்கில் வரவு வைக்கலாம். சொந்தக் கூரை இல்லாதவருக்கும் சூரியன் பயன்படும் வழி அதுவாகும்.

சூரிய மின்நிலையத்துக்கு எரிபொருட் செலவில்லை. ஆகவே அதன் விலையைத் தீர்மானிப்பது பெருமளவில் வட்டியேயாகும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்த நாடு இது. அரசு தனது சொல்லைக் காப்பாற்றுமா என்ற ஐயம் வட்டியாக மாறி, மலிந்த மின்தகட்டையும் விலையுயர்ந்ததாக்கிவிடும். ஆகவே ஏற்கெனவே கைச்சாத்திட்ட ஒப்பந்தங்களை மதித்தல், இனிவரும் விலைக் குறைப்புகளை முன்கூட்டியே அட்டவணையிட்டு அறிவித்தல், பெரிய திட்டங்கள் யாவற்றையும் பகிரங்க விலைமனு மூலம் வழங்குதல் ஆகியன திறைசேரிக்கு ஒரு சதமும் செலவில்லாத மானியங்களாகும்.

உலகின் வேறு நாட்டு மக்கள் தமது மின்பட்டியல்களில் செலுத்திய விலையால் சூரிய ஒளியும் காற்றும் எமக்கு மலிந்து கிடைத்துள்ளன. அந்த மலிவை நுரைச்சோலையில் தூசைச் சுவாசித்தவரும், சுன்னாகத்தில் கிணற்றை இழந்தவரும், மன்னாரில் வீதியில் நின்றவரும் தமது மின்பட்டியலில் காண வேண்டும். 2030ஆம் ஆண்டில் மின்சாரத்தில் 70 வீதத்தை மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதென இலங்கை இலக்கு வகுத்துள்ளது. அந்த இலக்கை எட்டுவதோடு, அதன் பயன் எந்த வீட்டு வாசலை எட்டியது என்பதையும் அரசாங்கம் கணக்கிட்டு மக்களுக்கு அறிவிக்க வேண்டுமென நாம் வலியுறுத்துகின்றோம்.